மூடியைக் கண்டு இனங்காண்க

முதுகெலும்பற்ற உயிரிகளை இனங்காண மூன்று வழிகள் உண்டு என்று பாடநூல் கூறும். புறத்தோற்றத்தைக் காணுதல் முதலாவது. உள்ளமைப்பை ஆராய்தல் இரண்டாவது. வாழிடத்தை அறிதல் மூன்றாவது. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதைக்குச் சற்று வெளியே அமைந்திருந்த அந்தத் தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் நான்காவதாக ஒரு வழி இருந்தது. பாடநூலில் அதற்கு இடமில்லை. ஆயினும் மற்ற மூன்றைக் காட்டிலும் அது பிழையற்றது. ஜாடியின் மூடியைக் காணுதலே அவ்வழி.

ஆய்வக உதவியாளர் காசி முதலாண்டின் முதல் நாளன்றே அதைக் கற்பித்துவிட்டான்.

"நல்லா மனசுல வாங்கிக்கோங்க. மூடி ஓரத்துல உடைஞ்சிருக்குது பாரு, அது உருளைப்புழு. அஸ்காரிஸ். நீலத் துணி கட்டினது அட்டை. துருப்பிடிச்ச மூடி நட்சத்திர மீனு. இந்தக் காலி பாட்டிலு ஹைட்ரா."

"உள்ள ஒண்ணுமே இல்லியேண்ணா?" என்றாள் அபிநயா என்ற மாணவி.

"அது கண்ணுக்குத் தெரியாதும்மா. அதனாலதான் காலியா வெச்சிருக்கோம்."

வகுப்பு முழுவதும் குனிந்து எழுதிக்கொண்டது. முதல் வரிசையில் அமர்ந்திருந்த குசுமாவதியும் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது. கீழ்பென்னாத்தூருக்கு அருகே வேர்க்கடலை பயிரிடும் ஜினேந்திரனின் மனைவி; மகளுக்கு மணம் முடித்து அனுப்பிய கையோடு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன தன் படிப்பைத் தூசு தட்டி எடுத்தவள். படித்தவர் சொல்வதை ஐயுறுவதற்குப் படிப்பு வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். ஆகவே பட்டம் பெறும் வரை ஐயங்களை ஒத்தி வைத்திருந்தாள்.

உயிரைப் பற்றிய அந்தப் படிப்பில் உயிருள்ளவை தலையிடாதவாறு துறை மிகுந்த கவனம் மேற்கொண்டிருந்தது. தவளையை அறுப்பதற்குத் தடை வந்தபின், மாணவர்கள் தவளையின் படத்தை வரைந்தனர். படத்தை அறுப்பதாகக் கற்பனை செய்தனர். கற்பனையில் கண்ட குடலை மூன்று வண்ணங்களில் தீட்டினர். எறும்புச் சாரியைக் கண்டால் விலகி நடக்கும் சமண வீட்டில் வளர்ந்த குசுமாவதிக்கு இந்த ஏற்பாடு பெரும் நிம்மதி தந்தது. இரண்டாம் ஆண்டில் மலையடிவாரத்திற்குக் களப்பயணம் சென்றனர். துறையின் பதாகையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றபோது ஒரு மயில் குறுக்கே வந்தது. படம் கெட்டுவிடும் என்று துறைத்தலைவர் பேராசிரியர் அருணகிரி அதைக் கைக்குட்டையால் விரட்டினார். பிறகு எடுத்த படத்தில் அனைவரும் தெளிவாக விழுந்திருந்தனர்.

இவ்வாறு கல்வி இடையூறின்றி நடைபெற்றுவந்த மூன்றாம் ஆண்டின் சித்திரை மாதத்தில், கல்லூரிக்குத் தரம் வழங்கும் மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. ஆய்வகத்தின் ஜாடிகளைக் கழுவ வேண்டியதாயிற்று.

"நீங்க கழுவுங்கம்மா," என்றார் அருணகிரி. "குடும்பம் பண்ற கை. இந்தப் பொண்ணுங்ககிட்ட கொடுத்தா போட்டு உடைச்சிடுவாங்க."

அவர் நாற்காலிக்குத் திரும்பிச் சென்று அமர்வதற்குள் குசுமாவதி ஒரு ஜாடியை உடைத்துவிட்டாள்.

சோப்பு நுரையில் வழுக்கியது, தொட்டியின் விளிம்பில் பட்டது, அவ்வளவே. மூடி மட்டும் உருண்டுபோய்க் காசியின் காலடியில் நின்றது. அதன் ஓரத்தில் பழைய உடைப்பு. உருளைப்புழு! குசுமாவதி கண்ணாடித் துண்டுகளுக்கிடையே விரலை விட்டுத் தேடினாள். பல தலைமுறை மாணவர்கள் வரைந்து பாகம் குறித்த அந்தப் புழு, விரல் பட்ட மாத்திரத்தில் ஊறிய அவல் போலக் கரைந்து, தண்ணீரோடு துளைக்குள் இறங்கிப்போயிற்று.

"ஐயோ, சார்கிட்ட சொல்லிடறேன்," என்று எழுந்தாள்.

"இரு அக்கா, இன்னாத்துக்குப் பதர்ற?" காசி மூடியைத் துடைத்து அவள் கையில் வைத்தான். "மூடி இருக்குதில்ல? அப்போ ஸ்பெசிமனும் இருக்குதுன்னுதான் அர்த்தம். நாளைக்கு வரும்போது வெள்ளையா, நீளமா எதையாச்சும் எடுத்துனு வா. காலி பாட்டிலு நான் தரேன்."

"அது பொய்யாகாதா காசி?"

"பாட்டில் உடைஞ்சிதுன்னா அது கேஸு. புழு மாறுச்சுன்னா அதைப் பார்க்கப் போறவன் எவன்?"

வெண்மையும் நீளமும் உடைய பொருள்களில் முள்ளங்கியே எளிதில் கிடைப்பது. ஆனால் மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகள் குசுமாவதியின் அடுப்படிக்குள் நுழைவதில்லை. அன்று மாலை அவள் கொல்லைப் பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விதைக்கென்று கொடியிலேயே விடப்பட்டிருந்த காராமணிக்காய் ஒன்று முற்றி, வெளுத்து, இரு முனையும் கூம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. பாடநூலின் வரையறை அவள் நினைவில் தானே ஓடியது: நீண்ட உருளை வடிவ உடல், இரு முனைகளும் கூர்மையானவை, நிறம் வெளிர் மஞ்சள். கத்தரித்து எடுத்தாள். பறித்தது காய்தான், நெஞ்சுக்குள்ளோ ஒரு புழு நெளியத் தொடங்கியது.

"ஃபார்மலின் ஊத்தணுமே," என்று காசியிடம் மறுநாள் காலை கேட்டாள்.

"கேட்டு எழுதி ரெண்டு வருஷம் ஆவுது. தண்ணிய ஊத்து. ரெண்டும் ஒரே கலருதான்."

குழு வந்தது. அதன் தலைவர் மூடி உடைந்த ஜாடியின் முன் நின்று, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"இவ்வளவு ஃபிரெஷ்ஷான அஸ்காரிஸை எந்தக் காலேஜ்லயும் நான் பார்த்ததில்ல. எப்படி மெயின்டெயின் பண்றீங்க?"

அருணகிரி மார்பை நிமிர்த்தினார். "சார், நான் ஸ்டூடண்டா இருந்தப்பவும் இதே பாட்டில்தான். என் புரொபசருக்கும் இதேதான். எங்க மூணு தலைமுறையில ஒருத்தர்கூட இதைத் திறந்து பார்த்தது கிடையாது சார். அறிவியல்னா அந்த நம்பிக்கைதான் சார்."

தலைவர் குறிப்பெடுத்துக்கொண்டார். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிட்டியது. நுழைவாயிலில் பதாகை ஏறியது. அதில் ஜாடியின் படமும் இடம்பெற்றது. குசுமாவதி நாள்தோறும் அதன் கீழே தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனாள்.

குழு வந்த வாரமே நடந்திருக்க வேண்டிய செய்முறைத் தேர்வு சித்ரா பௌர்ணமியால் தள்ளிப்போயிற்று. பேருந்துகள் அனைத்தும் கிரிவலக் கூட்டத்திற்குத் திருப்பிவிடப்பட்டன; ஆய்வகம் பூட்டப்பட்டது. சன்னலோர வெயிலில் காராமணி அமைதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

தேர்வு நாளன்று கீழ்பென்னாத்தூர்ப் பேருந்தில் அபிநயா அவளருகே அமர்ந்தாள். அதே ஊரைச் சேர்ந்தவள். மூன்று ஆண்டுகளாகப் பேருந்திலும் பெஞ்சிலும் பக்கத்து இருக்கை.

"அக்கா, இன்னிக்கு மட்டும் நல்லா எழுதிட்டா போதும். எல்லாம் பாஸ் ஆனா பி.எட். சேர்க்கிறேன்னு அப்பா ஒத்துக்கிட்டாரு. ஒரு அரியர் விழுந்தாலும் செங்கத்து மாப்பிள்ளைதானாம்."

"மாப்பிள்ளை எப்படிடீ?"

"வயசு ஜாஸ்தி, முடி கம்மி. நான் கிளாஸ்ல நின்னு பாடம் எடுக்கணும்க்கா. அவங்க வீட்டு மாட்டுக்கொட்டாயில நின்னு இல்ல."

குசுமாவதி சிரித்தாள். அந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பேருந்து ரயில்வே கேட்டில் நெடுநேரம் நின்றது. ஒரு வாக்கியத்திற்கு அது தாராளமாகப் போதும். அவள் சொல்லவில்லை.

இனங்காணல் தேர்வின் முறை பின்வருமாறு. ஜாடிகள் மேசைகளில் வரிசையாக வைக்கப்படும். மணி அடித்தால் மாணவர் அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர், வகைப்பாடு, சிறப்புப் பண்புகள், பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றை எழுத வேண்டும். மூடி உடைந்த ஜாடியைக் குசுமாவதி அடைந்தபோது, ஒரு வாரமாக ஊறிய காயில் விதைகள் புடைத்து வரிசையாகத் தெரிந்தன. அவள் பேனா ஒரு கணம் தயங்கியது. பின்னர், தன் கையால் பறித்த காயைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்: அஸ்காரிஸ், பெண் உயிரி, பக்கவாட்டுப் புடைப்புகள் சூலகம் முதிர்ந்திருப்பதைக் காட்டுகின்றன.

மணி அடித்தது. நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் அபிநயா அந்த ஜாடிக்கு வந்தாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள். "இது காராமணிங்க்கா!"

குசுமாவதி திரும்பவில்லை. "மூடியப் பாருடி."

"மூடியப் பார்த்தா புழு. உள்ள பார்த்தா காராமணி. எதை எழுதறது?"

புறத்தேர்வாளராக வெளியூரிலிருந்து வந்திருந்தவர் தொண்டையைக் கனைத்தார். குசுமாவதி முன்னாலிருந்த நீலத் துணியையே வெறித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மணியும் அடித்துவிட்டது.

மறுவாரம் அருணகிரி வகுப்பில் மதிப்பெண்களைப் படித்தார். முதலிடம் குசுமாவதிக்கு. புறத்தேர்வாளர் அவளது விடையை மாதிரி விடை என்று பாராட்டியிருந்தார். சூலகத்தைப் பற்றிய வரி மட்டும் இரண்டு முறை உரக்கப் படிக்கப்பட்டது. வகுப்பு கைதட்டியது. குசுமாவதிக்கு ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது.

அடுத்து அவர் கையில் எடுத்தது அபிநயாவின் தாள்.

"இதையும் படிக்கிறேன், கேளுங்க. 'காராமணிக்காய். அவரைக் குடும்பம். பொருளாதார முக்கியத்துவம்: பொரியலுக்கு உகந்தது.' ஏம்மா, இது தேர்வா, ஓட்டல் மெனுவா? எக்ஸ்டர்னல் எனக்குப் போன் பண்ணி, 'உங்க ஸ்டூடண்ட் என்னைக் கிண்டல் பண்றா'ன்னு திட்டறாரு. செய்முறைத் தேர்வு மொத்தமும் ஃபெயில்னு போட்டுட்டுப் போயிட்டாரு."

"சார், அது நெஜமாவே காராமணிதான் சார்."

"மூணு தலைமுறை புரொபசருங்க முட்டாளு, நீ மட்டும் புத்திசாலி?"

அபிநயா உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. பக்கத்தில் குனிந்து, "அக்கா, உங்களுக்கு அது புழுவாவா தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டாள். குசுமாவதி தன் புத்தகத்தின் அட்டையைச் சரிசெய்தாள்.

அன்றிரவு வீட்டில் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுக் கணவனிடம் சொன்னாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஜினேந்திரன் சொன்னான்: "புழு செத்து நூறு வருஷம் ஆயிருக்கும், அந்தப் பாவம் உனக்கில்ல. இந்தப் பொண்ணு உசுரோட இருக்கா. போய்ச் சொல்லிட்டு வந்துடு."

காலையில் கையோடு ஒரு காராமணிக்காயை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரின் அறைக்குச் சென்றாள்.

"சார், பாட்டிலை உடைச்சது நான்தான். இந்தக் காயைத்தான் உள்ள போட்டேன். அபிநயா எழுதினது சரி சார். என்னை ஃபெயில் போட்டுட்டு அவளைப் பாஸ் போடுங்க."

அருணகிரி கதவைச் சாத்தினார்.

"உட்காருங்கம்மா. நீங்க பாட்டிலை உடைச்சீங்கன்னு வெச்சிக்குவோம். அப்போ கமிட்டி பார்த்தது என்ன? காய். காயைப் பார்த்துக் கொடுத்த கிரேடு என்ன கிரேடு? வாசல்ல இருக்கிற பேனர்ல இருக்கிறது என்ன? உங்க ஒருத்தர் மனசாட்சிக்காக ஆயிரத்தி எறநூறு பசங்க எதிர்காலத்தை உடைக்கப் பார்க்கறீங்களா? பாட்டிலோட நிறுத்திக்கோங்கம்மா."

"திறந்து, காயைப் பிளந்து பார்த்தா தெரிஞ்சிடும் சார். உள்ள பயறு இருக்கும்."

அருணகிரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பிளக்கறதா? விலங்கு நெறிமுறைக் குழுவோட அனுமதி இல்லாம நம்ம லேபில ஒரு உடம்பை அறுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. நீங்க ஜைனருங்க. நீங்களே ஒரு உயிரை அறுக்கலாம்னு சொல்றீங்களே, மனசு கூசலியா?"

அடுப்படியில் நாள்தோறும் காராமணி நறுக்கும் குசுமாவதிக்கு ஒரு கணம் மெய்யாகவே மனம் கூசிற்று. அந்த அளவுக்கு அவள் படித்திருந்தாள்.

"காசியைக் கேளுங்க சார். அவன் பார்த்தான்."

காசி அழைக்கப்பட்டான். "நான் அன்னிக்கு லீவு சார்," என்றான். பின்னர் தலையைச் சொறிந்தான். "ஆனா சார், நீங்க ஒருவாட்டி வந்து பார்த்துட்டா நல்லாருக்கும். புழு இலை வுட்டுருக்குது."

மூவரும் ஆய்வகத்திற்கு விரைந்தனர். காசி சொன்னது உண்மை. நீருக்கு மேலே நீண்டிருந்த முனை வெடித்து, அதிலிருந்து ஒரு முளை எழுந்து, மூடியின் உடைந்த ஓரத்து வழியே இரண்டு பச்சை இலைகளை வெளியே நீட்டியிருந்தது. அருணகிரி நெடுநேரம் உற்றுநோக்கினார். அவரது முப்பதாண்டுப் பணியில் அதுவே முதல் உற்றுநோக்கலாக இருக்கக்கூடும்.

"மொட்டுவிடுதல்," என்றார் முடிவில். "பாலிலா இனப்பெருக்கம். ஹைட்ராவுல இருக்கே."

"ஹைட்ரா பாட்டில் காலிங்க சார்."

"அதான்மா. அங்க பார்க்க முடியல. இங்க பார்க்கறோம்."

செய்தி மாடிப்படி ஏறித் தாவரவியல் துறைக்குச் சென்றது. அதன் தலைவர் ரேணுகாம்பாள் படியிறங்கி வந்து, இலையைத் தொட்டுப் பார்த்தார். குசுமாவதிக்கு உயிர் வந்தது. தாவரம் தெரிந்த ஒருவர் வந்துவிட்டார்!

"பச்சையா இருந்தா எங்களுது சார். பாட்டிலை மேல அனுப்பிடுங்க."

"மேடம், இது காராமணிதானுங்களே?" குசுமாவதி கைகூப்பாத குறையாகக் கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா ஒரு பொண்ணு பாஸ் ஆயிடுவா."

ரேணுகாம்பாள் அவளைக் கனிவுடன் நோக்கினார். "எங்க வீட்லயும் வாங்குவோம்மா. ஆனா காராமணி எங்க சிலபஸ்ல இல்ல. அவரைக் குடும்பத்துக்கு எங்களுக்குக் கொடுத்திருக்கிறது பட்டாணி. காலேஜுக்குள்ள இது பட்டாணிதான்."

இரு துறைகளுக்கும் பூசல் மூண்டது. முதல்வரின் தலைமையில் கூட்டம் கூடிற்று. தேநீரும் முந்திரி பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. சாட்சியாகக் குசுமாவதி கதவோரத்தில் நிறுத்தப்பட்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முடிவை முதல்வரே படித்தார்.

"ஜாடியும் மூடியும் விலங்கியல் துறைக்கு. நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதி தாவரவியல் துறைக்கு. இலையை அவ்வப்போது கிள்ளிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. அடுத்து, மாணவி அபிநயாவின் மேல்முறையீடு. விலங்கியல்படி அந்தப் பொருள் உருளைப்புழு, தாவரவியல்படி பட்டாணி. காராமணி என்னும் விடை இரண்டு துறைகளின்படியும் தவறு. ஆயினும், மாணவியின் வயதையும் குடும்பச் சூழலையும் கருதி, ஆடி மாதத்தில் சிறப்புத் தேர்வு எழுத அனுமதிக்கப்படுகிறார். அதே ஜாடி."

அனைவரும் மேசையைத் தட்டினர். கல்வியின் மனிதநேயத்தைப் பற்றி அருணகிரி நன்றியுரை ஆற்றினார்.

சிறப்புத் தேர்வன்று காலை அபிநயா கல்லூரி வாசலில், பதாகையின் கீழே காத்திருந்தாள். குசுமாவதி உண்மையனைத்தையும் முன்பே அவளிடம் சொல்லி அழுதிருந்தாள்.

"வர ஞாயித்துக்கிழமை செங்கத்துக்காரங்க தட்டு மாத்த வராங்களாம்க்கா. பாஸ்னு ஒரு பேப்பரைக் காட்டினா வர வேணாம்னு சொல்லிடறேன்றாரு அப்பா. சொல்லுங்க. என்ன எழுதட்டும்?"

குசுமாவதி மேலே பார்த்தாள். பதாகையில் காராமணி பளபளத்தது.

"உருளைப்புழு."

"நீங்களா சொல்றீங்க? நீங்கதான போட்டேன்னு சொன்னீங்க?"

"நான்தான் போட்டேன். நீ உருளைப்புழுன்னே எழுது. சூலகத்தையும் சேர்த்து எழுது. எக்ஸ்டர்னலுக்கு அது பிடிக்கும்."

அபிநயா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்ததைப் போலவே. "சரிங்க்கா," என்று சொல்லி உள்ளே போனாள்.

அவள் நல்ல மதிப்பெண்ணுடன் தேறினாள். செங்கத்துக்காரர்கள் வரவில்லை. பி.எட். இடம் கிடைத்தது. குசுமாவதிக்கோ முதல் வகுப்பில் பட்டம் வந்தது. ஜினேந்திரன் அதைச் சட்டமிட்டு மாட்ட ஆணியுடன் வந்தபோது, சுவர் ஈரமாக இருக்கிறது என்றாள். மறுமுறை கேட்டபோதும் சுவர் ஈரமாகவே இருந்தது.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. சமணரின் பத்து நாள் நோன்பு முடிந்தபின், தெரிந்தும் தெரியாமலும் இழைத்த தீங்குகளுக்குப் பிறரிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வீட்டின் வழக்கம். வழக்கமாக அது உறவினருக்குள் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். அவ்வாண்டு குசுமாவதி அபிநயாவை வீட்டிற்கு அழைத்தாள். பொழுது சாயுமுன் இலை போட்டு, எதிரே அமர்ந்து, கைகளைக் கூப்பினாள்.

"தெரியாம செஞ்சது ஒண்ணுமில்லடி. எல்லாமே தெரிஞ்சுதான் செஞ்சேன். மன்னிச்சிடு."

"எதுக்குங்க்கா?" அபிநயா உண்மையாகவே விழித்தாள். "நான்தான் பாஸ் ஆயிட்டேனே. நீங்க சொல்லிக் கொடுத்ததாலதான ஆனேன்? அடுத்த மாசம் டீச்சிங் ப்ராக்டிஸ். ஏழாவதுக்கு நான்தான் சயின்ஸ் எடுக்கப் போறேன்."

மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள அங்கே ஆளில்லை என்பது குசுமாவதிக்கு மெல்லத்தான் விளங்கியது. கூப்பிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், கரண்டியை எடுத்தாள், பொரியலைப் பரிமாறினாள். பந்தலில் அன்று காலை பறித்த பிஞ்சு. வரவழைத்துக்கொண்ட சிரிப்புடன், "இது என்ன பொரியல்? சொல்லு பார்க்கலாம்," என்றாள்.

அபிநயா இலையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, தரையில் கழற்றி வைத்திருந்த பாத்திரத்தின் மூடியைத்தான் முதலில் பார்த்தாள். எவர்சில்வர் மூடி, ஓரத்தில் உடைப்பு எதுவும் இல்லை.

"தெரியலைங்க்கா," என்றாள்.

அவள் சிரிக்கவில்லை.